நடுராத்திரிப் பாட்டைக் கேட்டவர்கள்: ஒரு பிலிப்பி நாட்குறிப்பு

செவ்வாய், கவாலா

தெசலோனிக்கேயில் பேருந்து ஏறி மத்தியானத்துக்குள் கவாலா வந்து சேர்ந்தோம். மலை சட்டென்று முடிந்து கடல் தொடங்குகிற ஊர். துறைமுகத்துக்கு மேலே கோட்டை, ஊருக்குக் குறுக்கே பதினாறாம் நூற்றாண்டில் ஒட்டோமான் காலத்தில் எழுந்த உயரமான நீர்ப்பாலம். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரே வரியில் வந்துபோகும் நெயாப்போலி இதுதான். துரோவாவில் கப்பல் ஏறி, சாமோத்திராக்கே தீவைத் தொட்டு, மறுநாள் அப்போஸ்தலன் பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் கூட்டாளிகளும் இங்கேதான் கரையிறங்கினார்கள். கி.பி. 49 அல்லது 50 என்று கணக்கிடுகிறார்கள்.

நிக்கோலாஸ் ஆலயத்துக்கு வெளியே அந்த வருகையைக் காட்டும் பெரிய மொசைக் ஓவியம் இருக்கிறது. மக்கெதோனியன் ஒருவன் கனவில் வந்து, "நீர் வந்து எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்" என்று பவுலைக் கூப்பிடுகிறான். பக்கத்தில் பவுல் கரையில் கால் வைக்கிறார். அக்கா ரொம்ப நேரம் அந்தக் கனவு மனிதனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தெளிவா ஒரு அழைப்பு யாருக்குக் கிடைக்கும்? கீழ்ப்படிஞ்சுதானே வந்தாரு. வந்த கொஞ்ச நாள்லயே முதுகு கிழிய அடி. கீழ்ப்படிஞ்சா வழி செவ்வையாகும்னு சொல்றவங்க இந்த அதிகாரத்தை முழுசா படிக்கிறதில்ல போல" என்றாள்.

இந்தப் பயணம் ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்தான் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில் சபை முழுக்க உபவாசமிருந்து ஜெபித்தது. அதை நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால் பார்க்க வந்த ஒருவர், "அழாதீங்க, துதிச்சுக்கிட்டே இருங்க, கண்ணீர் அற்புதத்தைத் தடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தாள். அத்தான் பிழைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடியவள் அடக்க ஆராதனைக்குப் பிறகு ஒரு வரிகூடப் பாடியதில்லை. சபைக்கு வருவாள், எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது அவளும் நிற்பாள், அவ்வளவுதான். துதித்துக்கொண்டே சிறையில் கிடந்த பவுலும் சீலாவும் இருந்த பிலிப்பியைப் போய்ப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். "சரி, போய்ப் பார்த்துடலாம்" என்றாள். உற்சாகமாக இல்லை, ஏதோ கணக்குத் தீர்க்கப் போகிறவளின் குரலில்.

புதன், லீதியாள் ஆற்றங்கரை

பிலிப்பிக்குக் கவாலாவிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். இடிபாடுகளுக்குப் போகும் முன் ஆற்றைப் பார்த்துவிடலாம் என்று அந்தப் பக்கம் இறங்கினோம். ஆறு என்று சொன்னாலும் ஓடைதான். இரு கரையிலும் மரங்கள். தண்ணீரில் இறங்கிப் போகப் படிகள், ஞானஸ்நானம் கொடுக்கச் சிலுவை வடிவில் ஓர் அமைப்பு. பக்கத்தில் லீதியாளின் பெயரில் எண்கோணமான ஆலயம், அண்மைக் காலத்தில் கட்டியது.

கனவில் கூப்பிட்டது ஓர் ஆண். வந்து பார்த்தால் ஜெபத்துக்குக் கூடியிருந்தது பெண்கள். தியத்தீராவிலிருந்து வந்து இரத்தாம்பரம் என்னும் விலையுயர்ந்த சாயத் துணி விற்ற லீதியாள்தான் முதலில் கேட்டாள், வீட்டையும் திறந்துவிட்டாள். சிறையிலிருந்து வெளியே வந்த பவுலும் சீலாவும் நேராகப் போனதும் அவள் வீட்டுக்குத்தான். இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வெயில் நன்றாக இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவங்க அடிபட்டு உள்ளே கிடந்த அந்த ராத்திரி, லீதியாளுக்குத் தூக்கம் வந்திருக்குமா?" ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவுகளைக் கழித்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

வியாழன், பிலிப்பி

காலையிலேயே போய்விட்டோம். பிலிப்பி பெரிய இடம். அவசரமாகப் பார்க்க முடியாது. கி.மு. 356இல் அலெக்சாந்தரின் அப்பா இரண்டாம் பிலிப்பு தன் பெயரை வைத்த நகரம். கி.மு. 42இல் ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் ஆண்டனியிடமும் ஒக்டேவியனிடமும் தோற்றது ஊருக்கு வெளியே இருக்கும் சமவெளியில். அதற்கப்புறம் ரோமப் படைவீரர்களைக் குடியேற்றி, ரோமக் குடியேற்ற நகரமாக ஆக்கினார்கள். 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எக்னாத்தியா என்ற ரோமர் காலத்துப் பெருவழியின் கல்பாவல் இன்னும் இருக்கிறது. அதில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடி விழுந்த பள்ளம் விரல் வைத்துப் பார்க்கும் ஆழத்துக்கு இருக்கிறது.

அந்தச் சாலையை ஒட்டித்தான் சந்தைவெளி. பளிங்குத் தரை, தூண்களின் அடிப்பாகங்கள், நடுவே புல். பவுலையும் சீலாவையும் அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு வந்தது இப்படி ஒரு வெளிக்குத்தான். குற்றம் என்ன? குறிசொல்லி எஜமான்களுக்குக் காசு சம்பாதித்துக் கொடுத்த அடிமைப்பெண்ணை விடுவித்தார்கள், வருமானம் போயிற்று. ஆனால் வழக்கில் அதைச் சொல்லவில்லை. "இவர்கள் யூதர்கள், நம் பட்டணத்தைக் கலக்குகிறார்கள்" என்றுதான் சொன்னார்கள். விசாரணை இல்லை. வஸ்திரத்தைக் கிழித்து, கோலால் அடித்து, உட்காவலறையில் அடைத்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள்.

தொழுமரம் என்பது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கணுக்காலைப் பூட்டிவைக்கும் பொறி. மாட்டினால் புரண்டு படுக்க முடியாது. முதுகில் புண் இருக்கிறவன் மல்லாந்து படுக்கவும் முடியாது, குப்புறப் படுக்கவும் முடியாது. அதனால் நடுராத்திரியில் அவர்கள் விழித்திருந்ததே பக்தியினால் மட்டும் இல்லை, வலியினாலும்தான் என்பது என் எண்ணம். தூங்க முடியாதவர்கள் ஜெபித்தார்கள், பாடினார்கள்.

'பவுலின் சிறை' என்று காட்டும் இடம் பழைய பேராலயம் ஒன்றின் இடிபாட்டுக்குப் போகும் படிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உண்மையில் அது ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி. பிற்காலத்தில் விசுவாசிகள் அதைச் சிறையாக நினைத்து வணங்கத் தொடங்கினார்கள். அகழ்வாராய்ச்சி செய்தவர்கள் இதுதான் சிறை என்று சொல்வதில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. சின்னக் கல்லறை மாதிரி ஒரு குகை, உள்ளே ஈர வாசனை, குளிர். அது போதும்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது கொரியாவிலிருந்து வந்த ஒரு குழு வந்தது. பெரும்பாலும் வயதானவர்கள், ஒரே நிறத் தொப்பி. அவர்களுடைய போதகர் ஒரு பகுதியை வாசித்தார், எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. நான்கு குரலாகப் பிரித்துப் பாடினார்கள். அதுவும் ஒத்திகை பார்த்த மாதிரி அல்ல, பழக்கத்தில் வந்தது. ஒரு பாட்டி மட்டும் பாடாமல் கைத்தடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவர்கள் போனபிறகு அக்கா என் பைபிளை வாங்கி நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தை எடுத்தாள். "இங்கே பாரு, பாதி வசனத்தைத்தான் எல்லாரும் சொல்றாங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள். "நடுராத்திரியிலே பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப்பாடினார்கள், காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்."

"பாடினது ரெண்டு பேரு. மத்தவங்கல்லாம் கேட்டாங்க. ஆனா கதவு யாருக்குத் திறந்துச்சு? எல்லாருக்கும். எல்லாருடைய கட்டுகளும் கழன்றுபோயிற்றுன்னு அடுத்த வசனம் சொல்லுது. பாடினவங்களுக்கு மட்டும்னு போடல."

இத்தனை வருஷம் இந்தப் பகுதியை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நமக்கு எப்போதும் பவுலாக இருக்கத்தான் ஆசை.

இன்னொன்றும் நான் இன்றுதான் கவனித்தேன். காயங்களைக் கழுவியது எப்போது? பூகம்பம் வந்து, சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவி, "நீ உனக்குக் கெடுதி ஒன்றுஞ் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று பவுல் சத்தம் போட்டு, அவன் நடுங்கி வந்து விழுந்த பிறகு. அப்படியென்றால் பாடும்போது இரத்தம் காய்ந்த முதுகோடுதான் பாடியிருக்கிறார்கள். புண் ஆறிவிட்டதென்ற பாவனை எதுவும் அங்கே இல்லை. கதவு திறந்தும் அவர்கள் ஓடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் கிடைத்த பெலன் முதலில் பயன்பட்டது தற்கொலைக்குப் போன ஒருவனைத் தடுக்க.

விடிந்ததும் நடந்ததை நான் ரொம்ப ரசிக்கிறேன். அதிகாரிகள் "அந்த மனுஷரை விட்டுவிடு" என்று ஆளனுப்புகிறார்கள். நாமாக இருந்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்போம். பவுல் அசையவில்லை. ரோமக் குடியுரிமை உள்ளவனை விசாரிக்காமல் அடிப்பது ரோமச் சட்டப்படி குற்றம். "ரோமராகிய எங்களை விசாரிக்காமல் எல்லார் முன்னிலும் அடித்தார்கள், இப்போது இரகசியமாக அனுப்புவார்களோ? அவர்களே வந்து அழைத்து விடட்டும்" என்கிறார். அவர்கள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சுகிறார்கள். ராத்திரி துதித்த அதே வாய்தான் காலையில் நியாயம் கேட்டது. துதிக்கிறவன் அநியாயத்தைப் பொறுத்துப் போக வேண்டும் என்று போதிக்கிறவர்கள் இந்த வசனங்களுக்கு என்ன செய்வார்களோ தெரியவில்லை.

கால் வலி. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

வெள்ளி, கவாலா, மழை

வெளியே போக முடியவில்லை. அறையில் உட்கார்ந்து பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தை ஒரே மூச்சில் மாற்றி மாற்றி வாசித்தோம். நான்கே அதிகாரம், 104 வசனம். பவுல் மறுபடியும் ஒரு சிறையிலிருந்து எழுதியது. ரோமில் என்பது பழைய கருத்து. எபேசுவாக இருக்கலாம் என்கிற ஆய்வாளர்களும் உண்டு. இதை முதலில் வாசிக்கக் கேட்ட கூட்டத்தில் அந்தச் சிறைச்சாலைக்காரனும் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வாசித்தால் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்பது வேறு மாதிரி ஒலிக்கிறது. சொல்கிறவன் முதுகை இவன் கழுவியிருக்கிறான்.

சந்தோஷத்தின் நிருபம் என்று பெயரெடுத்த இதில் அழுகையும் இருக்கிறது. பிலிப்பி சபை பவுலுக்கு உதவியாக அனுப்பிய எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் இரங்கினார் என்கிறார். அவன் செத்திருந்தால் துக்கப்பட்டிருப்பேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிற அப்போஸ்தலன்.

அக்கா அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பாப்பிரோதீத்து பிழைச்சாரு. சரி. யாக்கோபு?" என்றாள்.

எனக்குப் புரிந்தது. நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பேதுருவின் சங்கிலி கழன்று விழுகிறது, தூதன் வெளியே கூட்டிக்கொண்டு வருகிறான். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில், யோவானுடைய சகோதரன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றுபோட்டான். ஒரே வசனம். "அவருக்கும் சபை ஜெபம் பண்ணியிருக்கும்தானே? அவர் வீட்டுலயும் யாராவது பாடியிருப்பாங்கதானே?"

பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. ஏன் ஒருவருக்கு மட்டும் கதவு திறந்தது என்று நடபடிகளை எழுதிய லூக்காவும் எழுதிவைக்கவில்லை. பவுலுக்கே கடைசியில் ரோமில் பூகம்பம் எதுவும் வரவில்லை. நீரோ காலத்தில் சிரச்சேதம் செய்யப்பட்டார் என்பதே சபையின் பழைய மரபு.

மழை நிற்கிறவரை சங்கீதங்களைப் புரட்டினோம். ஐந்து புத்தகமாகப் பிரித்த 150 சங்கீதங்களில் புலம்பல் வகைதான் ஏராளம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது. 88 கடைசி வரிவரை வெளிச்சத்துக்கே வராது. இவையும் பாடல் புத்தகத்துக்குள்தான் இருக்கின்றன, ஆலயத்தில் பாடப்பட்டவை. நடுராத்திரியில் அவர்கள் எதைப் பாடினார்கள் என்று லூக்கா சொல்லவில்லை. யூதர்களாக வளர்ந்த இருவருக்கும் மனப்பாடமாக இருந்தது சங்கீதங்கள்தான். அதில் 13ஆக இருந்தாலும் அதுவும் துதிதான் என்று நான் சொன்னேன். அக்கா ஒப்புக்கொண்ட மாதிரியும் இல்லை, மறுத்த மாதிரியும் இல்லை. 88ஐ மட்டும் இரண்டு தடவை வாசித்தாள்.

சனி, தெசலோனிக்கே

திரும்பி வந்தாயிற்று. சாயங்காலம் தெமெத்திரியு பேராலயத்தில் மாலை ஆராதனைக்குப் போனோம். 1917 தீவிபத்தில் பெரும்பகுதி எரிந்துபோய்த் திரும்பக் கட்டிய ஆலயம். சில தூண்களில் பழைய மொசைக் துண்டுகள் தப்பி நிற்கின்றன.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆராதனையில் வாத்தியமே கிடையாது. ஒரு பக்கமாகப் பாடகர்கள் புத்தகத் தாங்கியைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் ராகத்தை எடுத்துப் போகிறார். மற்றவர்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சுருதிப்பெட்டி மாதிரி. ராகம் ஏறி இறங்கும்போது அது அசைவதே இல்லை. மூச்சு முட்டினால் ஒருவர் நிறுத்தி மூச்செடுக்கிறார், அந்த நேரம் பக்கத்தில் இருக்கிறவர் பிடித்துக்கொள்கிறார், ஒலி அறுபடுவதில்லை. அக்காவின் கொயர் காது அதைத்தான் முதலில் பிடித்தது. "அந்தக் கடைசியில நிக்கிற பெரியவரைப் பாரு. வந்ததிலிருந்து ஒரே ஒரு ஸ்வரம்தான். ஆனா அவர் விட்டா முன்னால பாடுறவருக்குத் தரையே இருக்காது" என்று காதோடு சொன்னாள்.

நடுநடுவே "கிரியே எலெய்சோன்", அதாவது "கர்த்தாவே, இரங்கும்" வந்தது. அது மட்டும் எங்களுக்குத் தெரியும். நான் சேர்ந்து சொன்னேன். அக்கா சொல்லவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக்கு வந்து இந்த ஊர்க்காரர்களுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தை எடுத்தோம். புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, கி.பி. 50, 51 வாக்கில் எழுதியது. "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்பது இதில் ஐந்தாம் அதிகாரம். அதற்கு முந்திய பக்கத்தில், தங்களில் சிலர் செத்துப்போனதால் கலங்கிப்போன சபையிடம், நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்கிறார். துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. "ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று முடிக்கிறார். தேற்ற வேண்டிய அளவுக்குத் துக்கம் இருக்கிறது என்று தெரிந்துதானே அப்படி எழுதுவார்? சுவரில் மாட்ட எடுத்துக்கொள்வதெல்லாம் ஐந்தாம் அதிகாரம்; நான்கை விட்டுவிட்டு ஐந்தை மட்டும் நீட்டினால் அது துக்கத்தில் இருக்கிறவர் தலையில் கல்லைப் போடுவதுதான்.

திங்கள், பெரோயா

இங்கே பார்க்க அதிகம் இல்லை. பவுல் பிரசங்கித்ததன் நினைவாகப் படிக்கட்டும் மொசைக் ஓவியங்களும் உள்ள ஒரு நினைவிடம், ஓரிரு பழைய சின்ன ஆலயங்கள். பெரோயாக்காரர்களுக்கு வேதத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு: கேட்டதை அப்படியே விழுங்காமல், "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தவர்கள்.

அக்காவுக்கு அந்தப் பெருமை பிடித்துவிட்டது. வரும்போது பேருந்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டாள். அத்தான் இறந்ததிலிருந்து வாட்ஸப்பில் வந்து குவிந்த வாக்குத்தத்த வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முன்னும் பின்னும் வாசித்துச் சரிபார்க்கிறாள். எரேமியா 29:11, "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்பதுதான் அதிகமாக வந்திருந்தது. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்திய வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. "இதை அனுப்பினவங்க யாரும் பத்தாம் வசனத்தை அனுப்பல" என்றாள். பிலிப்பியர் 4:13, "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". அதற்கு முந்தியது, தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், பட்டினியாயிருக்கவும் தெரியும் என்பது. ஜெயிப்பதற்கான பெலன் என்று நாம் போஸ்டர் அடிக்கிறோம். அவர் பேசியது தாங்குவதற்கான பெலனைப் பற்றி. "இது நல்லா இருக்கு. இதை வச்சுக்கிறேன்" என்று அந்த ஒன்றுக்கு மட்டும் நட்சத்திரம் போட்டாள்.

யாக்கோபு பற்றிய கேள்வியை அவள் விடவில்லை. ஊருக்குப் போய்ப் போதகரிடமும் கேட்கப்போகிறாளாம். கேட்கட்டும்.

சாயங்காலம் நினைவிடத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது கொயர் மாஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குப் பயிற்சி தொடங்கப்போகிறது, ஆல்டோவில் ஆள் குறைவு, அக்கா வருவாளா என்று. போன மாதமும் இப்படி ஒரு செய்தி வந்து, பதில் போகாமலே கிடந்தது. இன்றைக்குத் தட்டச்சு செய்து என்னிடம் காட்டிவிட்டு அனுப்பினாள்: "வர்றேன் பிரதர். பாட மாட்டேன். கடைசி பெஞ்சில உட்கார்ந்து கேட்பேன். வரிசையில நிக்கச் சொல்லக் கூடாது."

அவர் உடனே, "சந்தோஷம் சிஸ்டர், ஆல்டோ பக்கத்துலேயே ஒரு நாற்காலி போட்டுடுறேன்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு அக்கா இன்னும் பதில் போடவில்லை. அது ரொம்பப் பக்கமாம், இரண்டு வரிசையாவது தள்ளிப் போடச் சொல்ல வேண்டுமாம்.